வேலைக்குப் போகும் தீவு

கிரேக்கத் தீவு என்றதும் எல்லோர் மனசிலும் ஒரே படம்தான் ஓடுகிறது: வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், பின்னால் கடல். அது சாண்டோரினி. ஆகஸ்டில் அங்கே கடல் பார்த்த அறையில் ஒரு ராத்திரி தங்க ஆகிற பணத்தில் எங்கள் வடசென்னை மாத்தூரில் ஒரு மாத வீட்டு வாடகையைக் கொடுத்துவிட்டு மளிகையும் வாங்கலாம். கல்யாண ஆல்பத்துக்குப் படம் எடுக்கிறவர்கள் தாராளமாகப் போகட்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஆயுசுக்கு ஒரு தடவையாவது ஐரோப்பா பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிற எங்கள் எம்.எம்.டி.ஏ. குடியிருப்புக்காரர்களுக்கு நான் சொல்கிற தீவு வேறு. பெயர் சிரோஸ். அதன் நகரம் எர்முபோலி.

எர்முபோலி சுற்றுலாவை நம்பி எழுந்த ஊர் இல்லை. 1820களில் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர்கள் போரிட்டபோது கியோஸ், ப்சாரா, ஸ்மிர்னா பக்கமிருந்து உயிர் தப்பி வந்த அகதிகள் இந்தக் கரையில் குடியேறினார்கள். அவர்களில் வியாபாரிகளும் மாலுமிகளும் கப்பல் கட்டத் தெரிந்தவர்களும் நிறைய. வியாபாரத் தெய்வமான ஹெர்மிஸின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். ஒரு தலைமுறைக்குள் அது கிரேக்கத்தின் பெரிய துறைமுகமாகிவிட்டது. 1861-ல் நெயோரியன் கப்பல் கட்டும் தளம் வந்தது. தோல் ஷெட்டுகள், நூற்பாலைகள், ஈயக்குண்டு வார்க்கும் ஆலை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பிறகு பிரேயஸ் துறைமுகம் வளர்ந்தது, 1893-ல் கொரிந்து கால்வாய் திறந்தது, சிரோஸில் நின்று போக வேண்டிய அவசியம் கப்பல்களுக்குக் குறைந்தது. ஊர் தளர்ந்ததே தவிர காலியாகவில்லை. இன்றைக்கும் தெற்கு ஏஜியன் பிராந்தியத்தின் தலைநகரம் அதுதான். கோர்ட் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, பல்கலைக்கழகத் துறை ஒன்று இருக்கிறது, கப்பல் தளத்தில் இன்னமும் வெல்டிங் பொறி பறக்கிறது.

மலிவுக்கான காரணமும் இதுவேதான். கோடையில் மட்டும் விழித்திருக்கும் தீவில் கடைக்காரர் வருஷத்துச் சம்பாத்தியம் முழுவதையும் நாலு மாதத்தில் உங்கள் தலையிலிருந்து எடுத்தாக வேண்டும். எர்முபோலியில் டீக்கடைக்கு எதிரே வக்கீல் ஆபீஸ் இருக்கிறது. வக்கீல் தினமும் குடிக்கிற காபிக்கு அநியாய விலை வைக்க முடியாது. பட்ஜெட் பயணத்துக்கு நான் கண்டுபிடித்த ஒரே விதி: வேலைக்குப் போகிற ஊராகப் பார்த்துத் தங்கு.

எங்கள் தெருவில் ட்ரெய்லர் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இன்னாத்துக்குபா அவ்ளோ தூரம்? நம்ம ஹார்பர்லயே அந்தமானுக்குக் கப்பல் ஏறலாமே. மூணு நாளு கடல்லயே போவலாம், விசாவும் வாணாம், ஒண்ணும் வாணாம்." சரிதான். ராஜாஜி சாலையில் டிக்கெட் எடுத்து, போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகி 2024-ல் ஸ்ரீ விஜயபுரமாகிவிட்ட ஊருக்குப் போவதைவிட மலிவான தீவுப் பயணம் சென்னையிலிருந்து கிடையாது. ஆனால் அந்தமானை நான் பார்த்தாகிவிட்டது.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து ஏதென்ஸுக்கு நேரடி விமானம் இல்லை. ஷார்ஜா வழியாக ஏர் அரேபியா, பஹ்ரைன் வழியாக கல்ஃப் ஏர், அபுதாபி வழியாக எதிஹாட், இன்னும் துபாய், தோஹா வழிகள் என்று வளைகுடாவில் ஒரு தடவை மாறிப் போகலாம். மும்பை, டெல்லியிலிருந்து ஏதென்ஸுக்கு நேராகப் பறக்கப் போவதாக 2025-ல் இண்டிகோ அறிவித்தது. நமக்கு அதிலும் ஒரு மாறல் உண்டு. உள்நாட்டு டெர்மினலிலிருந்து வெளிநாட்டு டெர்மினலுக்குப் பெட்டியோடு ஓடுகிற வேலை வேறு. எந்த வழியானாலும் சென்னையிலிருந்து ஏதென்ஸ் வரை ஒரே பி.என்.ஆரில் எடுங்கள். இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கினால் ஐந்தாறாயிரம் குறையும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் குப்பைக்குப் போகும். பட்ஜெட் விமானத்தில் திரையில் தெரிகிற விலை வெறும் உட்காரும் விலை. பெட்டிக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி. எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் எது மலிவு என்று பேச வேண்டும். சீசன் தள்ளிப் போனால், இப்படிக் கூட்டிய விலையே ஆளுக்கு அறுபதாயிரத்துக்குள் போய்வர அமைகிறது.

சீசன் என்பது நம் பள்ளிக்கூட நாட்காட்டியோடு நன்றாகவே பொருந்துகிறது. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் கிரேக்கர்களே தீவுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். அறை வாடகை உச்சத்துக்குப் போகும். மே மாதமும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரையிலும் கடலும் நன்றாக இருக்கும், விலையும் இறங்கியிருக்கும். என் மனைவி ஸ்கூல் டீச்சர். காலாண்டுத் தேர்வு லீவும் ஆயுத பூஜையும் சேர்ந்து வருகிற நேரத்தைப் பிடித்தோம். அறைக்கு இரவுக்கு ஐம்பது, அறுபது யூரோ. யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டதால் மனசில் கணக்குப் போடுவது சுலபம், வயிறு எரிவதும் சுலபம். அறை வாடகையோடு பருவநிலைக் கட்டணம் என்று ஒன்றும் வாங்குகிறார்கள்: கோடைக் காலத்தில் சின்ன ஓட்டலில் அறைக்கு ஒரு இரவுக்கு 2 யூரோ, ஐந்து நட்சத்திரத்தில் 15 யூரோ. சின்ன ஓட்டலே நமக்கு.

ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், ஆபீசில் லீவு கொடுத்த கடிதம், அறை புக்கிங், கப்பல் உட்பட எந்த நாள் எங்கே என்ற திட்டம். நான் கன்டெய்னர் யார்டில் டாக்குமென்டேஷன் பார்க்கிறவன். பில் ஆஃப் லேடிங்கில் ஒரு எழுத்து மாறினால் சரக்கு கேட்டைத் தாண்டாது என்று தெரிந்தவனுக்கு விசா ஃபைல் பெரிய பாரமில்லை. பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர், பேங்க்கில் இருக்கிற பெயர், டிக்கெட்டில் இருக்கிற பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் என்கிற தமிழ்நாட்டு வழக்கத்தால்தான் இங்கே பாதிப் பேர் கவுன்ட்டரில் நிற்கிறார்கள். கேன்சல் செய்ய முடியாத எதையும் விசா கைக்கு வரும் முன் வாங்காதீர்கள். பேக்கேஜ் போட்டுத் தருகிறேன் என்ற ஒரு ஏஜென்ட் எங்களிடம் முதலில் முழுப் பணத்தைக் கேட்டார். என் மனைவி மளிகைக் கணக்கு நோட்டை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மாத்தூரிலிருந்து மீனம்பாக்கம் போக டாக்சிக்காரர் கேட்கிற காசில் பிரேயஸில் இருவரும் வயிறாரச் சாப்பிடலாம். விம்கோ நகருக்கோ திருவொற்றியூருக்கோ போய்விட்டால் ஏர்போர்ட் வரை ஒரே மெட்ரோ, ஐம்பது ரூபாய். வளைகுடா விமானங்களில் பல விடியலுக்கு முன்னால்தான் கிளம்பும்; மெட்ரோ அதற்கு முன்பே படுத்துவிடும். அதனால் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பத்து மணி வாக்கில் ரயிலேறி, ஏர்போர்ட்டில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். மணலி ரோட்டில் ட்ரெய்லர் லைன் நின்றுவிட்டால் எந்த டாக்சியும் பறக்கப் போவதில்லை என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஏதென்ஸ் விமான நிலையத்துக்கு எலெஃப்தேரியோஸ் வெனிசெலோஸ் என்ற பிரதமரின் பெயர். அவர் பள்ளிப்படிப்பை முடித்தது எர்முபோலியில். விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு 2022 அக்டோபரிலிருந்து நேரடி மெட்ரோ ஓடுகிறது, 9 யூரோ. எக்ஸ்96 என்ற பஸ் இரவும் பகலும் ஓடுகிறது, 5.50 யூரோ, ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் போனோம். ஏதென்ஸ் நகருக்குள் அறை எடுக்காமல் பிரேயஸிலேயே தங்குவது நல்லது. காலைக் கப்பலைப் பிடிக்க நடந்தே போகலாம். பிரேயஸ் அழகான ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்குப் பிடித்தது. கிரேன், டீசல் வாடை, கப்பல் சாமான் கடைகள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து நின்றுகொண்டே சாப்பிடுகிற ஆட்கள். துறைமுகத்தை நடத்துகிற நிறுவனத்தில் பெரும்பங்கு 2016-லிருந்து சீனாவின் காஸ்கோ கையில். அங்கிருந்து ஏதென்ஸுக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1869-ல். நம்முடைய ராயபுரம் ஸ்டேஷன் அதைவிட மூத்தது, 1856.

சிரோஸுக்கு ஏதென்ஸிலிருந்து சின்ன விமானமும் உண்டு. வேண்டாம். கப்பலில் சாதாரண டிக்கெட் நாற்பது யூரோவை ஒட்டி. ஏறக்குறைய நாலு மணி நேரம். வேகப் படகுகள் சீக்கிரம் போகும், விலையும் அதிகம், அலை அடித்தால் வயிற்றைக் கலக்கும். பெரிய கப்பலின் கார் தளத்தில் லாரிகள் ரிவர்ஸில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முட்டைகோஸ், சிமென்ட், பால், கேஸ் சிலிண்டர், தீவுக்கு வேண்டிய சகலமும் இதே கப்பலில்தான். டிரைவர்களுக்கு வழிகாட்டுகிற ஆள் விசிலடித்துக் கையை ஆட்டுவதும், லாரிக்காரர் ஜன்னல் வழியே பதிலுக்கு ஏதோ சொல்வதும், மொழி தெரியாமலே எனக்கு வரிக்கு வரி புரிந்தது.

கப்பல் திரும்பி எர்முபோலி வளைகுடாவுக்குள் நுழையும்போது இரண்டு குன்றுகள் தெரிகின்றன. ஒன்றின் உச்சியில் கத்தோலிக்கக் கோயில், இன்னொன்றில் ஆர்த்தடாக்ஸ் கோயில். கீழே இடதுபக்கம் கப்பல் தளத்தின் மிதக்கும் டாக், அதில் அடிப்பாகம் சுரண்டப்பட்டு நிற்கும் ஒரு சரக்குக் கப்பல். வேறு எந்தக் கிரேக்கத் தீவின் படத்திலும் இதை வெட்டி எறிந்திருப்பார்கள். இங்கே காபிக் கடை நாற்காலிகளெல்லாம் அதைப் பார்த்தபடி போட்டிருக்கின்றன.

மியாவுலி சதுக்கத்தில் எர்ன்ஸ்ட் சில்லர் வடிவமைத்த நகர மன்றம். 1876-ல் கட்டத் தொடங்கியது. ஒரு தீவுக்கு இவ்வளவு பெரிய ரிப்பன் மாளிகை எதற்கு என்று தோன்றும். பக்கத்திலேயே 1864-ல் திறந்த அப்போலோ தியேட்டர், மிலானின் லா ஸ்காலாவை மனசில் வைத்துக் கட்டியது. துறைமுக வருமானம் கொழித்த காலத்தில் வியாபாரிகள் இத்தாலியிலிருந்து ஓபெரா வரவழைத்தார்கள். காசில்லாமல் பார்க்க வேண்டியது கீழே கோயிமேசிஸ் ஆலயத்தில் இருக்கிறது: எல் கிரேக்கோ கையெழுத்திட்ட ஒரு மரியன்னை ஓவியம். 1983 வரை அது யார் வரைந்தது என்று ஊருக்கே தெரியாது. அதன் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் எதிரே நிற்கலாம், டிக்கெட் கிடையாது.

எனக்கு முக்கியமாகப்பட்டது தொழில் அருங்காட்சியகம். பழைய ஆலைகளைப் பழுதுபார்த்து அப்படியே வைத்திருக்கிறார்கள். ஈயக்குண்டு வார்த்த யந்திரங்கள், அச்சு யந்திரங்கள், தறிகள். ஒரு மூலையில் சோப்புப் பெட்டி மாதிரி ஒரு குட்டிக் கார் நிற்கிறது. நிறம் எனக்கு நினைவில்லை; பெயர்ப் பலகைதான் நினைவிருக்கிறது. என்ஃபீல்ட் 8000. திருவொற்றியூரில் 1950களிலிருந்து புல்லட் செய்த பெயரை ஏஜியன் கடலுக்கு நடுவில் படித்தால் யாராக இருந்தாலும் நின்றுவிடுவார்கள். நிறுவனம் வேறு, பெயர்தான் ஒன்று. 1970களில் பிரிட்டனில் ஐல் ஆஃப் வைட் தீவில் பிறந்த இரண்டு சீட் மின்சாரக் கார் இது. கௌலாண்ட்ரிஸ் என்ற கிரேக்கக் கப்பல் முதலாளி நிறுவனத்தை வாங்கி, உற்பத்தியைச் சிரோஸுக்குக் கொண்டுவந்தார். எட்டுக் குதிரைச் சக்தி, லெட் ஆசிட் பேட்டரி, ஒரு சார்ஜில் அறுபது கிலோமீட்டரைத் தாண்டுவதே பெரிய காரியம். மொத்தமே நூற்றுச் சொச்சம் கார்கள்தான் செய்தார்கள். கப்பல் தளத்து ஆட்கள் செய்த காரைக் கிரேக்கத்திலேயே விற்க அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டவை பிரிட்டனின் மின்வாரியங்களுக்குப் போயின. இன்றைக்கு மின்சார ஸ்கூட்டர் ஓடாத தெரு இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன் இதை ஒரு தீவுத் தொழிற்சாலை செய்துபார்த்துவிட்டு மூடிவிட்டது என்று யாருக்கும் சொல்ல வாய்க்கவில்லை.

மேலே கத்தோலிக்கக் குன்று ஆனோ சிரோஸ். அகதிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, வெனிஸ் ஆட்சிக் காலத்தில் எழுந்த ஊர். வண்டி போகாத படிக்கட்டுத் தெருக்கள். பிரான்ஸின் பாதுகாப்போடு கப்புச்சின் துறவிகள் 1630களில் இங்கே மடம் அமைத்தார்கள். அதே சபையின் எஃப்ரேம் தெ நெவர் 1642-ல் மதராஸ் வந்து கோட்டைக்குள் கோயில் கட்டியது நம்ம ஊர்க் கதை. சிரோஸின் கத்தோலிக்கர்கள் ஈஸ்டரை ரோமின் தேதியில் கொண்டாடுவதில்லை. ஆர்த்தடாக்ஸ் அண்டை வீட்டாரின் தேதியிலேயே கொண்டாடுகிறார்கள். ஒரே ஊரில் இரண்டு பெரிய வெள்ளி வந்தால் வியாபாரம் கெடும் என்று யாராவது வியாபாரிதான் முதலில் சொல்லியிருப்பார் என்பது என் ஊகம்.

இந்தக் குன்றில்தான் 1905-ல் மார்கோஸ் வம்வகாரிஸ் பிறந்தார். சின்ன வயதிலேயே பிரேயஸுக்குப் போய்க் கப்பலில் கரி அள்ளினார், பிறகு ஆட்டுத்தொட்டியில் தோல் உரித்தார். நடுவில் புசூக்கி என்ற கம்பி வாத்தியத்தைக் கற்றுக்கொண்டு, துறைமுகத்து ஆட்களின் பாட்டான ரெபெடிகோவுக்கு ஆசானாகிவிட்டார். கஞ்சா, சிறை, காதல், கடன் எல்லாம் அந்தப் பாட்டில் உண்டு. 1936-ல் வந்த மெட்டாக்சாஸ் சர்வாதிகாரம் அதைத் தணிக்கை செய்தது; மேல்தட்டு மக்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். 2017-ல் யுனெஸ்கோ அதே பாட்டை மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் சாவு வீட்டில் விடிய விடிய கானா கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. கரி கூடத்தான். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்து நிலக்கரி எண்ணூருக்கு மாறும் வரை, ராயபுரத்தில் கொடியில் காய்ந்த வேட்டி கறுத்துத்தான் இறங்கும். நம் ஊர் கானாவுக்குச் சபாக்களில் இன்னமும் எளிதாக இடம் கிடைப்பதில்லை. வம்வகாரிஸுக்கு அவர் குன்றிலேயே ஒரு சின்ன அருங்காட்சியகமும் சிலையும் இருக்கின்றன. அன்று சாயங்காலம் படிக்கட்டு ஓரத்துக் கடையில் இரண்டு பேர் புசூக்கி வாசித்தார்கள். ஒரு கிழவர் மட்டும் எழுந்து, கைகளை விரித்து, தரையைப் பார்த்தபடி தனியாக ஆடினார். யாரும் கைதட்டவில்லை. அவர் ஆட்டம் அவருக்கானது. தட்டக் கூடாது என்று பக்கத்து மேஜைக்காரர் சைகை காட்டினார்.

யவனரைச் சொல்லாமல் தமிழில் கிரேக்கப் பயணக் கட்டுரை எழுதக் கூடாது போலிருக்கிறது, ஆகவே ஒரு வரி: முசிறியிலிருந்து சரக்கேற்றிப் போன ஒரு கப்பலின் பெயர் வியன்னாவில் இருக்கும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸில் இருக்கிறது, ஹெர்மபோலோன். சுங்க வரிக் கணக்கோடு சேர்த்து. என் தொழிலுக்கு அது மூதாதை.

சாப்பாட்டில் மீன்தான் பொறி. மெனுவில் கிலோ விலை போட்டிருக்கும் மீனைத் தொடாதீர்கள். காசிமேட்டில் ஏலம் கேட்ட வாய் அங்கே அடைத்துப்போகும். கவ்ரோஸ் என்று கேளுங்கள். நெத்திலி. மொறுமொறுவென்று வறுத்து, எலுமிச்சை பிழிந்து, ஒரு தட்டு நிறையத் தருவார்கள். நாங்கள் சாப்பிட்டது மிளகாய்த்தூள் இல்லாத நெத்திலி வறுவல். பையிலிருந்த இட்லிப்பொடி அந்தக் குறையைத் தீர்த்தது. மதியத்துக்கு பேக்கரியில் கீரையோ சீஸோ வைத்த பிதா, இரண்டு மூன்று யூரோ. சைவக்காரர்கள் அதிலேயே நாட்களை ஓட்டலாம். இனிப்புக்கு லுகுமி. குடிநீர் கடலிலிருந்து உப்பெடுத்த நீர். 2010-லிருந்து காட்டுப்பள்ளி ஆலைத் தண்ணீரைக் குடிக்கிற நமக்கு அது புதிதில்லை. கடலில் குளிக்க கலிஸ்ஸாஸ், கினி பக்கம் துறைமுகத்திலிருந்தே பஸ் போகிறது. கார் வாடகை தேவையே இல்லை.

ஒரு நாள் பக்கத்துத் தீவான டினோஸுக்குப் போய்வரலாம், கப்பலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். 1823-ல் கிடைத்த மாதா படத்துக்காகக் கட்டிய கோயில்; துறைமுகத்திலிருந்து கோயில் வரை ஏற்றத்தில் முழங்காலிலேயே போகிறார்கள், அதற்கென்று சாலையோரம் கம்பளம் விரித்திருக்கிறது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைத் தெரிந்த எவருக்கும் ஐந்து நிமிஷத்தில் அந்த ஊர் பழகிவிடும்.

திரும்புகிற நாளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஏஜியனில் காற்று எட்டு, ஒன்பது போஃபர்ட்டைத் தொட்டால் துறைமுகக் காவல்படை கப்பலைக் கிளம்பவிடாது. மாலுமிகள் சங்கத்தின் வேலைநிறுத்தமும் அடிக்கடி உண்டு. அதனால் தீவிலிருந்து கிளம்பும் நாளுக்கும் ஊருக்கு விமானம் ஏறும் நாளுக்கும் நடுவே ஒரு முழு நாள் காலியாக விட்டே தீர வேண்டும். எங்களுக்கும் காற்று வந்தது. கிளம்ப வேண்டிய அன்று காலை ஓட்டல்கார அம்மா கதவைத் தட்டி, வாயால் ஊதிக் காட்டி, கையை விரித்தார். டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள், கூடுதல் காசு கேட்கவில்லை. ரத்தான பயணத்துக்குப் பணமோ மாற்றுக் கப்பலோ தர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். அந்தக் காலி நாளில்தான் ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் பார்ப்பதாக இருந்தோம். 2025 ஏப்ரலிலிருந்து அதற்கு நுழைவுச் சீட்டு 30 யூரோ. மறுநாள் பிரேயஸில் இறங்கி நேராக எக்ஸ்96 ஏறினோம். பஸ் நகர்ந்ததும் என் மனைவி கணக்கு நோட்டை எடுத்து, வரவுப் பக்கத்தில் "அக்ரோபோலிஸ், 60 யூரோ" என்று எழுதிக்கொண்டாள்.